வேப்பங்கொட்டையின் நாட்கணக்கு

ஆனிக் கடைசியில் வேப்பம்பழம் மஞ்சள் பூசத் தொடங்கும். இரவெல்லாம் வவ்வாலும் காலையில் குருவியும் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையை உதிர்க்கும். விடிந்ததும் மரத்தடியைப் பெருக்கி அள்ளினால் முறத்தில் கொட்டை, மண், சருகு எல்லாம் சேர்ந்தே வரும். ஜவ்வாது மலையைச் சுற்றியுள்ள செங்கம், போளூர், ஆலங்காயம் பக்கத்து ஊர்களில் இது ஆண்டுக்கு ஒருமுறை வரும் சில வார வேலை. முறத்தில் கிடக்கும் அந்தக் கொட்டைக்குள் ஒரு நாட்கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. தாவரப் பூச்சிவிரட்டிகளுக்கு வளரும் நாடுகளில் நல்ல சந்தை இருக்கிறது என்று ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அந்தச் சந்தை ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்பதற்குப் பாதி விடை அந்த நாட்கணக்கில் இருக்கிறது.

முதலில் கொட்டைக்குள் இருப்பது என்னவென்று பார்ப்போம்.

1959இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று இறங்கியது. பச்சையாக நின்ற எல்லாவற்றையும் தின்று தீர்த்த பிறகும் வேப்பமரங்கள் மட்டும் இலையோடு நின்றன. அங்கிருந்த ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டெரர் அதைக் கவனித்தார். தன் ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதியை அவர் வேம்புக்கே கொடுத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1962இல், டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். பிரதான் குழுவினர் வேப்பம்பருப்பை அரைத்துக் கரைத்துப் பயிரில் தெளித்தார்கள். வெட்டுக்கிளிகள் வந்து உட்கார்ந்தன, தின்னவில்லை. 1968இல் பிரிட்டனின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் இருவரும் அந்த வேலையைச் செய்யும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அசாடிராக்டின் என்று பெயர் வைத்தார்கள்.

35 கார்பன், 44 ஹைட்ரஜன், 16 ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் மூலக்கூறு அது. அதன் வடிவத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கவே 1985 வரை ஆனது. ஆய்வகத்தில் அதைக் கட்டிமுடிக்க, கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவினருக்கு மேலும் 22 ஆண்டுகள் பிடித்தன. 2007இல் முடித்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட வேதிப்படிகள். வேப்பமரம் ஒவ்வொரு கோடையிலும் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போகிற வேலை அது.

அசாடிராக்டின் பூச்சியைச் சட்டென்று கொல்வதில்லை. இலையைக் கடிக்கும் புழு முதலில் வாய் கசந்து தீனியை மறுக்கிறது. கொஞ்சம் உள்ளே போய்விட்டால், புழு தோலுரிப்பதற்கு வேண்டிய ஹார்மோனின் ஒழுங்கைக் குலைக்கிறது. புழு உயிரோடு இருக்கும். ஆனால் வளராது, சரியாகத் தோலுரிக்காது, கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாக வெளியே வராது. இதற்குச் சில நாட்கள் ஆகும். நம் விவசாயிகள் இந்த வேறுபாட்டுக்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். கடையில் வாங்குவது பூச்சிக்கொல்லி. வீட்டில் கரைப்பது பூச்சிவிரட்டி. ஆனால் தெளிக்கப் போகும்போது இரண்டுக்கும் ஒரே சொல்தான்: மருந்து. 'மருந்தடித்தால் மறுநாள் புழு செத்து விழ வேண்டும்' என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. விரட்டியைக் கொல்லியின் அளவுகோலால் அளந்தால் அது தோற்றுத்தான் போகும். மறுநாள் காலை வயலுக்குப் போனவருக்குக் கண்ணில் படுவது இலையில் உட்கார்ந்திருக்கும் புழு. அது தின்பதை நிறுத்திவிட்டது என்று அதைப் பார்த்துத் தெரியாது.

இப்போது நாட்கணக்குக்கு வருகிறேன். வேப்பங்கொட்டைச் சாற்றுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை எளியது. 5 கிலோ பருப்பை இடித்து, இரவு முழுதும் 10 லிட்டர் தண்ணீரில் ஊறவிட்டு, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்க வேண்டும். ஐந்து சதவீதச் சாறு என்பது இதுதான். அதோடு சேர்த்துச் சொல்லும் எச்சரிக்கைகளைத்தான் பலர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கொட்டை குறைந்தது மூன்று மாதம் ஆனதாக இருக்க வேண்டும். எட்டு, பத்து மாதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. முன்னும் பின்னும் அசாடிராக்டின் குறைவு. சாற்றை அன்றன்றே தயாரிக்க வேண்டும். மாலை மூன்றரை மணிக்கு மேல்தான் தெளிக்க வேண்டும்.

மூன்றரை மணிக்குக் காரணம் வெயில். இந்த மூலக்கூறுக்கு வெயிலின் புறஊதாக் கதிர் ஆகாது. இலைமேல் படிந்து சில நாட்களிலேயே உடைந்து போகும். அமிலம் மிகுந்தாலும் காரம் மிகுந்தாலும் சிதையும், சூட்டிலும் சிதையும். ஈரமான கொட்டையைப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்து உள்ளே இருப்பது மூட்டைக்குள்ளேயே முடிந்துவிடும். பழம் உதிரும் ஆடியில் மலையடிவாரத்தில் மழையும் இறங்கும். அள்ளிய அன்றே சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றோடும் சணல் சாக்கில் கட்டியவரின் கொட்டைக்கும், அள்ளியபடியே குவித்து வைத்தவரின் கொட்டைக்கும் உள்ள வித்தியாசம் வெளியே தெரியாது. வியாபாரி தருவது ஒரே விலை. கழுவி உலர்த்தியவருடைய கூடுதல் உழைப்புக்கு அந்த விலையில் இடமே இல்லை. சந்தையின் முதல் பழுது இங்கே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கடையில் விற்கும் வேப்ப மருந்துப் பாட்டிலில் எத்தனை பிபிஎம் அசாடிராக்டின் என்று அச்சடிக்கச் சட்டம் இருக்கிறது. மூட்டையில் எத்தனை என்று கேட்க ஆளில்லை.

ஆடியில் உதிர்ந்த கொட்டைக்கு மூன்று மாதம் ஆவது ஐப்பசியில். எட்டு மாதம் முடிவது பங்குனியில். ஆக, சம்பா நெல்லுக்கும் கார்த்திகைப் பட்டத்துக் காய்கறிக்கும் புதுக்கொட்டை சரியான வயதில் கிடைக்கிறது. ஆடிப்பட்டத்துக்கு அது உதவாது. ஆடியில் மானாவாரி நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்புழு கிளம்பும்போது, போன வருடத்துக் கொட்டை ஒரு வயது தாண்டியிருக்கும். இந்த வருடத்துக் கொட்டை மரத்தடியில் அப்போதுதான் விழுந்துகொண்டிருக்கும். நிலைப்படுத்தி அடைத்த பாட்டிலுக்கு உண்மையான தேவை அந்த இடைவெளியில்தான். கொட்டைக்கும் பாட்டிலுக்கும் போட்டி என்று பேசுகிறவர்கள் இந்த மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பாட்டிலுக்குள் இருப்பதையும் ஒருமுறை அளந்து பார்ப்போம். 1500 பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் 1500 பங்கு. லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராம் அசாடிராக்டின். நல்ல வேப்பம்பருப்பில் ஒரு கிலோவுக்கு 2 முதல் 6 கிராம் வரை இருக்கும். தண்ணீரில் ஊறவைத்தால் முழுவதும் இறங்காது என்பது உண்மை. அதைக் கழித்தாலும், ஒழுங்காக உலர்த்திய ஒரு கிலோ பருப்புக்குள் ஒரு லிட்டர் பாட்டிலின் சரக்குக்குக் குறையாமல் இருக்கிறது. 300 பிபிஎம் பாட்டில் என்றால் பத்து லிட்டர் சேர்ந்தால்தான் 3 கிராம் தேறும். அப்படியானால் வாங்குகிறவர் எதற்குப் பணம் கொடுக்கிறார்? கரைப்பான் வைத்துப் பிரித்ததற்கு, வெயிலும் சூடும் தாங்கும்படி செய்ததற்கு, பரிசோதனைக்கு, பதிவுக்கு, லாரிக்கு, கடைக்கு, அட்டைமேல் போட்ட எண் நிஜம் என்ற உறுதிக்கு. இவை எல்லாமே நியாயமான செலவுகள். கோயம்புத்தூரின் டி. ஸ்டேன்ஸ் நிறுவனமும், கடலூர் மாவட்டம் தியாகவல்லியில் ஈ.ஐ.டி. பாரி அமைத்த ஆலையும் இந்த வேலையைத் தமிழ்நாட்டிலிருந்தே உலகத்தரத்தில் செய்து காட்டியவை. ஆனால் அந்தச் செலவுகளுக்குள் கொட்டை பொறுக்கியவரின் பங்கு எவ்வளவு என்று தேடினால், அடியில் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

வேம்பின் வலிமை எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேறு இரண்டு செடிகளின் கதை தெரிய வேண்டும். பைரெத்ரம் என்பது சாமந்தி இனத்துப் பூ. உலர்த்திப் பொடித்தால் பூச்சியைச் சட்டென்று வீழ்த்தும். உலகத் தேவையின் பெரும்பகுதியை ஒருகாலத்தில் கென்யாவின் மேட்டு நிலத்துச் சிறு விவசாயிகள்தான் கொடுத்தார்கள். அந்தப் பூவின் மூலக்கூறும் வெயிலில் சிதையக்கூடியது. 1973இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் அதைப் பார்த்து வெயில் தாங்கும் நகல் ஒன்றைச் செய்தார்கள். அதுதான் பெர்மெத்ரின். பயிர் வயலின் பெரிய சந்தை நகலின் பக்கம் போனது. பூவுக்கு மிஞ்சியது சிறிய சந்தை. அதிலும், பூ கொடுத்த கென்ய விவசாயிக்கு அங்கிருந்த வாரியம் மாதக்கணக்கில் பணம் தராமல் இழுத்தடித்தது. விவசாயிகள் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்குப் போனார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா, இயந்திரத்தால் அறுவடை செய்து, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. புகையிலையின் நிகோட்டினுக்கும் இதே கதிதான். அதன் வேலை முறையைப் பின்பற்றிய செயற்கைப் பொருட்கள் இன்று எல்லாக் கடையிலும் இருக்கின்றன. புகையிலைக் கஷாயம் பாட்டியின் நினைவில் மட்டும் இருக்கிறது.

அசாடிராக்டினுக்கு இது நடக்கவில்லை. அறுபது படிகளுக்கு மேல் ஏறிச் செய்ய வேண்டிய பொருளை எந்த ஆலையும் லாபத்துக்குச் செய்ய முடியாது. மரம்தான் ஒரே ஆலை. தாவரப் பூச்சிவிரட்டி வரலாற்றில் மூலப்பொருள் வைத்திருப்பவரின் கை இவ்வளவு ஓங்கியிருப்பது அரிது. ஐரோப்பாவில் இதற்கு உரிமை கோரி வந்தவர்களும் உண்டு. வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சை நோயைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் காப்புரிமை பெற்றன. வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். 2000இல் அது ரத்தானது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது. நம் ஊர்களில் நெடுங்காலமாக இருந்த வழக்கம் அங்கே சாட்சியமாக நின்றது. அந்த வெற்றியை இன்றும் பெருமையோடு நினைக்கிறேன். ஆனால் உரிமை காப்பாற்றப்பட்ட பிறகும் கொட்டைக்கு நல்ல விலை வந்து சேரவில்லை. அது வேறு வழக்கு. அதை நாம் இன்னும் நடத்தவே ஆரம்பிக்கவில்லை.

ஜவ்வாது மலைமேல் ஏறினால் கதை கொஞ்சம் மாறுகிறது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்துகிடக்கும் இந்த மலையில் ஜமுனாமரத்தூர், புதூர்நாடு பக்கமெல்லாம் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்பவர்கள். அவர்களின் தலைப்பயிரான சாமைக்குப் பூச்சித் தொல்லை குறைவு. முக்கியப் பகை குருத்து ஈ. காலத்தே விதைத்துவிட்டால் அதிலிருந்தும் பெரும்பாலும் தப்பிவிடலாம். பூச்சிமருந்து அதிகம் தேவைப்படாத மலை, கீழே பூச்சிமருந்துக்கு ஏங்கும் வயல்களுக்கு மூலப்பொருள் தரக்கூடிய மலையாகவும் இருக்கிறது. வேம்பு சமவெளி மரம். மேலே போகப் போகக் குறையும். மேலே இருப்பவை வேறு: ஓடையோரப் புங்கன், நொச்சி, ஆடாதோடை, பருவத்தில் மலைச்சரிவெல்லாம் காய்க்கும் சீத்தா.

சீத்தாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பேன் போக அதன் கொட்டையை அரைத்துத் தலையில் தேய்த்த தலைமுறை நமக்கு முந்தியது. அந்தக் கொட்டையில் உள்ள ஸ்குவாமோசின் போன்ற பொருட்கள், பூச்சியின் உயிரணுக்களில் ஆற்றல் உண்டாகும் முதல் படியையே அடைத்துவிடுகின்றன. வேம்பைப் போல் வாயைக் கட்டிவிட்டு நிற்காது, கொல்லும். ஆனால் பழம் முழுசாகக் கூடையேறிக் கீழே போய்விடுகிறது. கொட்டையைத் திருப்பத்தூரிலும் வாணியம்பாடியிலும் வாங்கித் தின்றவர்கள் குப்பையில் துப்புகிறார்கள். ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் பழங்குடிப் பெண்கள் செய்வதுபோல், பழத்தின் சதையை ஊரிலேயே எடுத்துக் குளிரவைத்து விற்றால், சதைக்கு நல்ல விலை கிடைப்பதோடு கொட்டையும் மலையிலேயே குவியும். கொட்டைக்காக யாரும் பழம் பறிக்க வேண்டியதில்லை. பழத்தின் வருமானத்தோடு கொட்டை சும்மா வரும்.

இதை எழுதும்போதே எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே சாதுவானது என்று நினைப்பது ஆபத்து. பேனுக்குப் போட்ட சீத்தாக்கொட்டைப் பொடி கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணானவர்களைக் கண் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். சீத்தாவின் உறவான முள்சீத்தாவை அதிகம் உண்ட குவாடலூப் தீவில், நடுக்குவாதம் போன்ற நோய்க்கும் அதற்கும் தொடர்பிருக்கலாம் என்ற சந்தேகம் 1999இல் எழுந்தது. டெர்ரிஸ் வேரின் ரோட்டினோன் நீண்டகாலம் 'இயற்கை மருந்து' என்று தோட்டங்களில் தெளிக்கப்பட்டது. எலிகளில் அது நடுக்குவாத அறிகுறிகளை உண்டாக்குகிறது என்று 2000இல் தெரியவந்தது. அது மீனையும் கொல்லும். செய்யாறு உற்பத்தியாகும் ஜவ்வாது மலையில் இதை மறந்துவிட்டு எந்தக் கொட்டையையும் கரைக்கக் கூடாது. ஆகவே பரிசோதனையும் பதிவும் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

சிக்கல், அந்தப் பதிவு யாருக்காக வடிவமைக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம் ஆலையில் பிறக்கும் ஒற்றை மூலக்கூறை மனதில் வைத்து எழுதப்பட்டது. இன்ன பொருள், இன்ன அளவு, இத்தனை மாதம் மாறாமல் இருக்கும் என்று காட்ட வேண்டும். நொச்சி, எருக்கு, ஆடாதோடை, வேம்பு, புங்கன் என்று ஐந்து இலைகளைக் கோமியத்தில் ஊறவைக்கும் ஐந்திலைக் கரைசலுக்கு இதைக் காட்டவே முடியாது. இன்றைய கரைசல் நாளைக்கு வேறாகிவிடும். அவரவர் வயலுக்கு அவரவர் கரைத்துக்கொள்ளலாம். மருந்தென்று பாட்டிலில் அடைத்து ஊர் ஊராக விற்க வழியில்லை. இந்தத் துறையை நீண்டகாலம் ஆராய்ந்த கனடாவின் மர்ரே இஸ்மன் 2006இல் எழுதிய கட்டுரையில் காட்டிய தடைகளும் இவைதான்: மூலப்பொருள் தொடர்ந்து கிடைப்பது, தரம் ஒரே சீராக இருப்பது, பதிவின் செலவு. தாவரப் பூச்சிவிரட்டிகளுக்கு உண்மையான இடம் வளரும் நாடுகளின் சிறு வயல்கள்தான் என்றும் அவர் எழுதினார்.

பதிவு பெற்றதெல்லாம் நம்பிக்கைக்கு உரியது என்றும் சொல்ல முடியாது. இயற்கை என்ற பெயரில் விற்ற பாட்டிலில் ரசாயனப் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது இந்தியாவில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. கலப்படப் பாட்டில் மறுநாளே புழுவை வீழ்த்துகிறது. நேர்மையான பாட்டில் நான்கு நாள் கேட்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த விவசாயி எதை மறுபடி வாங்குவார்? அதோடு, கடனுக்கு மருந்து கொடுப்பவரும் எந்த மருந்து என்று சொல்பவரும் பெரும்பாலும் ஒரே கடைக்காரர்தான்.

என் முடிவு இது. சில நாட்களில் சிதையும் பொருளைத் தூரத்துச் சந்தைக்குக் கட்டி அனுப்புவதிலேயே நம் முழு யோசனையும் போய்விட்டது. சீக்கிரம் சிதைவது குறை என்று எழுதிவைத்துவிட்டோம். ஒன்றுவிட்டு ஒரு நாள் கத்தரியும் வெண்டையும் பறித்து உழவர் சந்தைக்குக் கொண்டுபோகிறவருக்கு அதுவே பெரிய வசதி. பல ரசாயன மருந்துகளுக்குத் தெளித்த பின் நாட்கணக்கில் காத்திருந்துதான் பறிக்க வேண்டும். காத்திருந்தால் காய் முற்றிவிடும், அதனால் யாரும் காத்திருப்பதில்லை. அந்த எச்சத்தோடுதான் காய் நம் வீட்டுக்கு வருகிறது. வெயிலில் கரைந்துபோகும் மருந்து பொருந்தக்கூடிய இடம் இதுதான்.

பக்கத்துச் சந்தைக்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. இன்றைய தெலங்கானாவின் பத்ராத்ரி கொத்தகூடம் மாவட்டத்தில் புனுகுலா என்ற ஊர், பருத்திக்கு மருந்து வாங்கியே கடனில் மூழ்கிக்கிடந்தது. 2000களின் தொடக்கத்தில் வேப்பங்கொட்டைச் சாறு, இனக்கவர்ச்சிப் பொறி போன்ற வழிகளுக்கு மாறி, பூச்சிக்கொல்லி இல்லாத ஊராகத் தன்னை அறிவித்துக்கொண்டது. எனக்கு அதில் பிடித்த பகுதி, வேப்பங்கொட்டை சேகரிப்பதும் பொடிப்பதும் அந்த ஊர்ப் பெண்களுக்குக் கூலி வேலையானது. கடைக்குப் போன காசில் ஒரு பகுதி ஊருக்குள்ளேயே சுற்றியது.

ஒரேயடியாகத் திருப்பினால் என்னாகும் என்பதை இலங்கை காட்டியது. 2021 வசந்தத்தில் ரசாயன உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் இறக்குமதித் தடை வந்தது, மாற்று எதுவும் போதிய அளவில் தயாராக இல்லை, விளைச்சல் சரிந்தது, நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. தேவையை ஆணையால் உண்டாக்கிவிடலாம். மரத்தடியில் கொட்டையை உலர்த்த ஆணையால் முடியாது. இந்தியா 2015இல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியபோது கொட்டைக்குத் தேவை கூடியது. குஜராத்தில் உர நிறுவனம் ஒன்று கிராமப் பெண்களிடம் நேரடியாகக் கொட்டை வாங்கும் ஏற்பாட்டைச் செய்ததால் அங்கே அந்தத் தேவை கைக்கு வந்த காசானது. வாங்கும் இடம் அருகிலும் காசு அன்றும் இருந்தால் போதும், பொறுக்க ஆள் வரும்.

2024 நவம்பரில் ஒன்றிய அரசு 2,481 கோடி ரூபாயில் இயற்கை வேளாண்மைக்கான தேசிய இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் 10,000 உயிர் இடுபொருள் மையங்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2023 மார்ச்சில் உயிர்ம வேளாண்மைக் கொள்கை வெளியானது. வேப்பங்கன்று, நொச்சி, ஆடாதோடை பற்றி வேளாண் நிதிநிலை அறிக்கைகளே பேசுகின்றன. கன்று நடுவது நல்லது. பலன் தர ஆண்டுகள் ஆகும். இருக்கிற மரங்களின் கொட்டை இந்த ஆடியிலேயே விழும்.

அப்படி ஒரு மையம் செங்கத்திலோ ஜமுனாமரத்தூர் ஏறும் வழியிலோ வருமானால், அதற்குத் தேவையானவை பெரிய இயந்திரங்கள் அல்ல. சதை கழுவ ஒரு தொட்டி, மழை படாத நிழல் களம், சணல் சாக்கு, அள்ளிய தேதி எழுதிய சீட்டு, ஈரம் பார்க்கும் ஒரு சிறு கருவி. வேளாண் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு மூட்டைக்கு ஒரு கைப்பிடி அனுப்பி, எவ்வளவு அசாடிராக்டின் இருக்கிறதோ அதற்கேற்ற விலை. பால் கூட்டுறவில் கொழுப்புப் பார்த்து விலை போடுவது நமக்குப் பழகிய முறைதானே. வன உரிமைச் சட்டம் 2006இலேயே சிறு வனப்பொருளைச் சேகரித்து விற்கும் உரிமையை மலைவாழ் மக்களுக்குக் கொடுத்துவிட்டது. புங்கங்கொட்டைக்கு 2013-14 முதல் ஆதார விலைத் திட்டமும் இருக்கிறது. ஐப்பசியில் சாக்கைப் பிரித்துப் பொடித்து, கீழே காய்கறி வைத்திருப்பவர்களுக்கு ஐந்து கிலோப் பொட்டலமாகக் கொடுக்கலாம். பொட்டலத்தின்மேல் மூன்று வரி போதும்: கொட்டை உதிர்ந்த மாதம், எந்த மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், மாலை மூன்றரைக்கு மேல் தெளிக்கவும்.